கயிறு இழுக்காத நாட்கள்

கடவுச்சீட்டு கேட்கவில்லை என்பதைத் தவிர, எனக்கு ஓசூர் வெளிநாடாகத்தான் இருந்தது. பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கடைப் பலகைகள் எல்லாம் கன்னடத்தில் இருந்தன. ஓசூரையும் தாண்டி, மாநில எல்லையையும் தாண்டி, அத்திப்பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொன்னார், பிறகு தெலுங்கில் சொன்னார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். எதிர்ப்பக்கம் போய் நின்றால் என் ஊர்க்காரர்களிடமே கொண்டுபோய் விடுவார்கள் என்றார். என் ஊர் தூத்துக்குடி என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

எதிர்ப்பக்கம் நின்றபோது குளிர் பல்லைக் கிட்டிக்க வைத்தது. எங்கள் ஊரில் குளிர் என்பது மழைக்காலத்தில் இரண்டு நாள் மின்விசிறியைக் குறைத்து வைப்பது. இங்கே டீக்கடைக்காரர் குல்லாய் போட்டுக்கொண்டு டீ ஆற்றுகிறார்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியின் கபடிக் குழுவுக்கு உடல்வலுப் பயிற்சி கொடுக்கிறவள். பதினான்கு பெண்கள். அவர்களைப் பளு தூக்க வைப்பது, ஓட வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்துவது என் வேலை. என் பெண்களில் ஒருத்தி கூட வலி என்று வந்து நின்றதில்லை என்பதை ஊரில் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் நிர்வாகத்துக்கு யாரோ ஒரு காணொளியை அனுப்பியிருந்தார்கள். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒருவர் தொழிற்சாலையை நடத்துவதுபோலவே விளையாட்டுப் பயிற்சியையும் நடத்துகிறாராம். அந்த முறையை நாமும் வாங்கலாமா என்று நான்கு நாள் இருந்து பார்த்து, ஆமாம் அல்லது இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நான் ஆமாம் என்றால் என் பதினான்கு பேரும் அதற்குள் போவார்கள்.

முதல் நாள் மதியமே அந்தக் கூடத்துக்குப் போனேன். சுற்றிலும் பட்டறைகள். எங்கிருந்தோ ஓர் அழுத்து இயந்திரம் தரையை அதிர வைத்துக்கொண்டே இருந்தது. தகரக்கூரை போட்ட நீண்ட கொட்டகை, முன்பு பெயின்ட் அடிக்கும் இடமாக இருந்ததாம். உள்ளே தரையில் பத்து மஞ்சள் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எடைக்கம்பியைத் தாங்கும் ஓர் இரும்புச் சட்டம். சட்டத்துக்கு மேல் ஒரு விளக்கு, விளக்கின் பக்கத்தில் தொங்கும் சிவப்புக் கயிறு. சுவரில் ஒவ்வொரு எடைத்தட்டுக்கும் அதன் வடிவமே வரையப்பட்டிருந்தது. ஒரு தட்டு இடம் மாறினால் வெறும் வட்டம் கண்ணை உறுத்தும். என் உடற்பயிற்சிக்கூடத்தில் எடைத்தட்டுகளைத் தேடுவதற்கே கால்மணி நேரம் போகும் என்பது நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது.

நடத்துகிறவர் பெயர் முரளிதரன். கிருஷ்ணகிரிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா. இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுவிட்டிருந்தன. பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே உற்பத்தியில் வீண் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிக் களைவது அவர் வேலை. அதே கண்ணோடு ஒரு நாள் விளையாட்டுப் பயிற்சியைப் பார்த்தாராம்.

“எல்லாத்துலயும் பெரிய வேஸ்ட்டு பேச்சுதாங்க மேடம்,” என்றார். “கோச் கத்திக்கினு இருப்பார். பொண்ணுங்க கதை பேசிக்கினு இருக்கும். ஒருத்தி வலிம்பா, ஒருத்தி வலிக்கலைம்பா. எது நிஜம்னு யாருக்குத் தெரியும்? அதான் பேச்சை எடுத்துட்டேன். கயிறு வெச்சிட்டேன்.”

வலித்தால் கயிற்றை இழுக்க வேண்டும். விளக்கு சிவப்பாகும், எல்லாம் நிற்கும். அவர் வந்து ஏன் என்று ஐந்து முறை கேட்பார். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் இன்னொரு ஏன். அப்படித்தான் குறையின் வேரைப் பிடிக்க முடியும் என்றார். கயிறு இழுக்கப்படாத ஒவ்வொரு நாளும் எல்லோருடைய பளுவிலும் கால் கிலோ கூடும். தினம் கொஞ்சம், யாருக்கும் தெரியாத அளவு. தன் விரல்கள் போன இயந்திரத்தின் பக்கத்தில் அந்தக் காலத்தில் கயிறு இல்லை என்பதையும் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வாசலுக்கு மேல் ஒரு பலகை. தொழிற்சாலை வாசல்களில் விபத்தில்லா நாட்கள் என்று எழுதி வைப்பார்களே, அதேபோல ‘கயிறு இழுக்காத நாட்கள்’ என்று எழுதியிருந்தது. எண் நூறைத் தாண்டியிருந்தது.

மறுநாள் அதிகாலை நான் தங்கியிருந்த விடுதியின் ஜன்னலைத் திறந்தேன். பனி. எதிர்க் கட்டடம் பாதிதான் தெரிந்தது. அது தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் மூன்று மாடி வீடு, வெளிப்பக்கமாகச் சிமென்ட் படிகள். மேலிருந்து ஒருத்தி இறங்கினாள். அவள் முதுகுதான் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து, பின்புறமாக ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி, அவளும் அப்படியே. அதன் பிறகு வரிசையாக எட்டுப் பேர். யாரும் பேசவில்லை. செருப்புகள் சிமென்ட்டில் உரசும் சத்தம் மட்டும் பனிக்குள் கேட்டது. கீழே வந்ததும் எல்லோரும் சாதாரணமாகத் திரும்பி நடந்து போனார்கள்.

உடம்பு சிலிர்த்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு என் தொழில் புத்தி வேலை செய்தது. ஏதோ புதுப் பயிற்சி போலிருக்கிறது என்று நோட்டை எடுத்து, ‘பின்புறமாகப் படி இறங்குதல், நல்ல யோசனை, நம் பெண்களுக்கும் செய்து பார்க்கலாம்’ என்று எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கூடத்தில் அதே பெண்கள்தான் நின்றார்கள். ஒரு தொழிற்சாலையின் கபடிக் குழு. மதிய ஷிப்டுக்கு முன் காலையில் பயிற்சி. மணி அடித்தது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கம்பியைத் தோளில் ஏற்றினார்கள், ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். மூச்சு விடுவது கூட ஒன்றாகத்தான். ஓய்வு மணி அடித்ததும் ஒருத்தி தண்ணீர் குடிக்க, பத்துப் பேரும் குடித்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, திட்டவில்லை, தலைமுடியைச் சரிசெய்யக் கேட்கவில்லை. பத்து விளக்கும் பச்சையாக எரிந்தன. பதினைந்து வருடமாகப் பயிற்சிக்கூடங்களில் நிற்கிறேன். பெண்கள் இருக்கும் இடத்தில் இப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. எனக்கு அங்கே தனியாகக் கத்த வேண்டும்போல் இருந்தது.

ஆறாம் கட்டத்தில் நின்றவளை அப்போதுதான் பார்த்தேன். பாக்கியம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. மாவட்டக் குழுவில் என்னோடு நான்கு வருடம் ஆடியவள், என்னைவிட மூன்று வயது இளையவள். அந்த நாட்களில் பஸ் முழுக்க அவள் வாய்தான் கேட்கும். இப்போது என்னைக் கண்டு கண்ணால் மட்டும் சிரித்துவிட்டுக் கம்பிக்குத் திரும்பிவிட்டாள். எழும்போது அவள் இடது முட்டி உட்பக்கமாகச் சரிந்து, உள்ளே போய் வந்தது. நான் விளக்கைப் பார்த்தேன். பச்சை.

பயிற்சி முடிந்து ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். களியும் மொச்சைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று பரிமாறிய அம்மா சொல்லிக்கொடுத்தார். நான் மென்றேன். தெலுங்கில் யாரோ என்னைப் பற்றிச் சிரித்தார்கள். எங்கள் மேஜையில் ஒரு தஞ்சாவூர்க்காரர், ஒரு சிங்காரப்பேட்டைக்காரர், இரண்டு பேரும் ஒரே ரசத்தை வேறு வேறு மாதிரிக் குறை சொன்னார்கள். கூடத்தின் அமைதிக்குப் பிறகு அந்தக் குறை சொல்லும் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது.

பாக்கியம் தன் கதையைச் சொன்னாள். ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவள், கபடியால் குழுவில் சேர்ந்திருக்கிறாள். அடுத்த போட்டி வரை குழுவில் நீடித்தால் வேலை நிரந்தரம். வெளியே வந்தால் மறுபடி ஒப்பந்தம், அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. முப்பத்து நான்கு வயதில் இதற்கு மேல் ஒரு வாய்ப்பு வராது என்று அவளுக்குத் தெரியும். அவள் தொழிற்சாலையின் உற்பத்தி லைனிலும் அதே கயிறு உண்டாம். அங்கே சிவப்பு எரிந்தால் யாரும் அசையக் கூடாது.

“கையில என்ன இருக்கோ அத அப்படியே பிடிச்சிட்டு நிக்கணும்க்கா,” என்றாள். “திருப்புளி பாதியில நின்னா பாதியில. லீடர் வந்து பச்ச போடுற வரைக்கும். மொத மாசமே அதத்தான் பழக்குவாங்க.”

பயிற்சிக் கூடத்தில் நீ எப்போதாவது இழுத்திருக்கிறாயா என்று கேட்டேன். இழுத்தவளை மறுநாள் காலைக் கூட்டத்தில் முன்னால் நிறுத்தி அந்த ஐந்து ஏன்களையும் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள் என்றாள். திட்ட மாட்டார்கள், பாராட்டக்கூடச் செய்வார்கள். ஆனால் அன்றிலிருந்து லைன் நிற்கக் காரணமானவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். பிறகு பேச்சை மாற்றி, தூத்துக்குடி மக்ரூன் கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. ராயக்கோட்டைக்குப் போனோம். பஸ் தக்காளி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. ஓர் இடத்தில் ஒரு லாரியிலிருந்து பெட்டி சரிந்து தார்ச்சாலை முழுக்கத் தக்காளி. டிரைவர் இறங்கிப்போய், லாரிக்காரரோடு மூன்று மொழிகளில் சண்டை போட்டுவிட்டு, இரண்டு கை நிறையத் தக்காளியோடு திரும்பி வந்து வண்டியை எடுத்தார். பாக்கியம் வாய்விட்டுச் சிரித்தாள். பழைய பாக்கியம் வந்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோட்டைக்கு ஏறினோம். ஏறும்போது அவள்தான் முன்னால். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து கீழே ரயில் பாதையைப் பார்த்தோம். ஆள் நடமாட்டமே இல்லை. காற்று புல்லைப் படுக்க வைத்துவிட்டுப் போயிற்று. மேலே போக வேண்டாம், இறங்கலாமா என்று எழுந்தேன். பத்துப் படி இறங்கிய பிறகு பக்கத்தில் அவள் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். பிடிக்கக் கைப்பிடி இல்லாததால் மேல்படியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டித் துழாவி, கல் தட்டுப்பட்டதும் அடுத்த கால். பட்டப்பகலில், வெயிலில். ஜன்னலில் பார்த்தது பயிற்சி இல்லை என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது.

முட்டி தேய்ந்து வலிக்கிறவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. பின்புறமாக இறங்கினால் பாரம் முட்டியில் அவ்வளவு விழாது. இதை நான் பாடமாகவே படித்தவள். படித்தவள்தான் அதை நல்ல யோசனை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு மாசம் என்றாள். மற்றவர்கள்?

“எல்லாருந்தான். ஆனா நாங்க பேசிக்கிட்டதில்ல,” என்றாள். “மொத நாள் நான் அப்படி எறங்குனேன். மறுநாள் பாத்தா எனக்கு முன்னால போனவ அப்படி எறங்குதா. யாரும் யாரையும் என்னன்னு கேக்கல. சார்ட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா. நான் இழுத்ததா ஆயிரும்.”

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அவளுக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு கல்லாக, இங்கே பள்ளம், இங்கே வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே கீழே கூட்டி வந்தேன். ஓசூர் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கூடம் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது.

நான்காம் நாள் காலை பனி இன்னும் கெட்டியாக இருந்தது. கூடத்தின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். பனி உள்ளே வந்து பச்சை வெளிச்சத்தில் மிதந்தது. வாசல் பலகையில் எண் மறுபடி கூடியிருந்தது. கம்பிகளில் கால் கிலோ கூடியிருந்தது. நான் ஆறாம் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன், நான்கு நாள் விருந்தாளி, மாலை பஸ். பேசாமல் ஊருக்குப் போய் ‘இல்லை’ என்று எழுதினால் என் பெண்கள் தப்பிவிடுவார்கள் என்று மனசு கணக்குப் போட்டது.

மணி அடித்தது. பாக்கியம் உட்கார்ந்தாள். எழும்போது முட்டி உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை. அவள் தொடை நடுங்குவதைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். விளக்கு பச்சை. மறுபடி உட்கார ஆரம்பித்தாள். என் கை கயிற்றை இழுத்துவிட்டது.

சங்கு அலறியது. பத்து விளக்கும் சிவந்தன.

எல்லோரும் நின்றார்கள். இருந்த இடத்தில், இருந்தபடியே. தோளில் கம்பியோடு நிமிர்ந்து நின்றவர்கள் சிலர், பாதி உட்கார்ந்த நிலையில் சிலர், முழுக்கத் தாழ்ந்துபோய் இரண்டு பேர். கம்பியை யாரும் விடவில்லை. முரளிதரன் அந்தக் கோடியிலிருந்து எழுதும் அட்டையோடு நடந்து வந்தார். அவசரப்படவில்லை, அவசரப்படக் கூடாது என்பது முறை. பத்துப் பேரின் கால்களும் நடுங்கின. கம்பிகளின் நுனியில் அந்தக் கால் கிலோ தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும் சத்தம் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. அதைச் செய்தது என் கை.

கீழே வையுங்கள் என்று கத்தினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் விளக்கில் இருந்தது.

“பாக்கியம், ஏட்டி, போடுட்டி கீழ,” என்றேன்.

பாக்கியம் விட்டாள். கம்பி சட்டத்தின் இரும்பில் விழுந்து தகரக்கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கட்டத்துப் பெண் விட்டாள், அதற்கடுத்தவள், பிறகு வரிசையாக எல்லோரும். சிலர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

முரளிதரன் என் முன்னால் வந்து நின்றார். ஏன் இழுத்தீர்கள் மேடம் என்று கேட்டார். முதல் ஏன். வாக்கை மீறிய கை என்னுடையது, வாயாவது மீறாமல் இருக்கட்டும் என்று நின்றேன். பாக்கியம் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

“எனக்கு முட்டி வலிக்கி சார். நாலு மாசமா,” என்றாள்.

அவர் எழுதினார். பிறகு ஏன் இத்தனை நாள் கயிற்றை இழுக்கவில்லை என்று கேட்டார். இழுத்தால் கூட்டத்தில் நிற்க வேண்டும், குழுவிலிருந்து எடுப்பார்கள், வேலை நிரந்தரமாகாது என்றாள். அழாமல் சொன்னாள். வேலையை அப்போதே இழந்துவிட்டவள் பேசுவதுபோல இருந்தது. மூன்றாவது ஏன் அவர் வாயில் வருவதற்குள் மூன்றாம் கட்டத்திலிருந்து ஒருத்தி எனக்கும் வலிக்கிறது என்றாள். ஒன்பதாம் கட்டத்துப் பெண் தெலுங்கில் ஏதோ சொல்லி முட்டியைத் தொட்டுக் காட்டினாள். இன்னொருத்தி கன்னடத்தில். பத்துக் கட்டங்களிலிருந்தும் வலி வந்துவிட்டது.

முரளிதரனின் பேனா நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தி விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பச்சையாத்தானே எரிஞ்சிக்கினு இருந்துச்சி,” என்றார். யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பாதி விரல்களை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வாசல் பலகையைத் துடைத்திருந்தார்கள். பூஜ்யம் கூட எழுதவில்லை.

இதை எழுதும்வரை பாக்கியத்தின் வேலை விஷயம் முடிவாகவில்லை. ஒரு மாதம் பளு வேண்டாம் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். குழுப் பட்டியலில் பெயர் இருக்குமா என்று அவளுக்கும் தெரியாது, முரளிதரனுக்கும் தெரியாது. நான் செய்தது சரியா என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பாக்கியம், இன்னும் பின்னால் திரும்பித்தான் படி இறங்குகிறோம், ஆனால் இப்போது பேசிக்கொண்டே இறங்குகிறோம் என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

கல்லூரிக்கு ‘இல்லை’ என்று எழுதிக்கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். பஸ்ஸிலேயே வாசகத்தை யோசித்து வைத்துவிட்டேன். அங்கே பேச்சே கிடையாது, அதனால்தான் வலி வெளியே வரவில்லை, நம்மிடம் அந்தக் குறை இல்லை என்று. நம்மிடம் இல்லை என்ற இடத்தில் தடுக்கியது. என் கூடத்தில் பேச்சு நிறைய உண்டு, எல்லாம் என்னுடையது.

ஊர் வந்த மறுநாள் விடிந்ததும் கல்லூரி விடுதிக்குப் போய், மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வழக்கமான வேர்வை, வழக்கமான உப்புக்காற்று, பனி கிடையாது. என் பெண்கள் பயிற்சிக்கு இறங்கி வந்தார்கள். முதல் ஐந்து பேர் துள்ளிக்கொண்டு, ஒருத்தி காதை ஒருத்தி கடித்தபடி போனார்கள். எனக்கு மூச்சு வந்தது.

ஆறாவதாக என் கேப்டன் வந்தாள். மேல்படியில் நின்று முன்னால் போனவர்கள் திருப்பத்தைத் தாண்டும் வரை காத்திருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.